மார்பக இம்ப்ளான்ட்: 375 சிசியா, 275 சிசியா?

கேள்வி கேட்டவர் போச்சம்பள்ளிப் பக்கம். வயது 33, இரண்டு பிள்ளைகள், சின்னவன் பால் மறந்து இரண்டு வருடம். கணவருக்கு மாங்காய் மண்டி. பால் கொடுத்து முடித்த பிறகு மார்பு வற்றிப் போனதுபோல் இருக்கிறதாம். பெங்களூரில் பிளாஸ்டிக் சர்ஜன் ஒருவரைப் பார்த்திருக்கிறார். மார்புக்குள் வைக்கும் சிலிகான் பை, அதாவது இம்ப்ளான்ட், 260 முதல் 280 சிசி (சிசி என்றால் மில்லி) வரை போதும் என்று அளவெல்லாம் எடுத்துவிட்டுச் சொன்னாராம் டாக்டர். ஓசூரில் இருக்கும் தோழி 350 வைத்திருக்கிறாள், அவளுக்கு அழகாக இருக்கிறது, எனக்கு 375 வேண்டும், டாக்டர் பயந்துகொண்டு குறைக்கிறாரா, வேறு ஆளைப் பார்க்கலாமா என்பது கேள்வி.

நான் டாக்டர் இல்லை. காவேரிப்பட்டணத்துக்காரி. பெங்களூரில் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவில் 16 வருடம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன். பாதிக் காலம் தியேட்டரில், மீதிக் காலம் கன்சல்டேஷன் அறையில் டேப்பும், அகலம் அளக்கும் கேலிப்பரும் எடுத்துக் கொடுத்துக்கொண்டு. நீங்கள் கேட்ட இதே கேள்வியை அந்த அறையில் எத்தனையோ பேர் வாயால் கேட்டிருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், தங்கச்சி.

உங்கள் டாக்டர் பயப்படவில்லை. அவர் உங்களை அளந்திருக்கிறார், அவ்வளவுதான். அளந்த பிறகு வந்த எண் அது. உங்கள் 375 தோழியின் 350ஐப் பார்த்து வந்த எண்.

என் அம்மா டெய்லர். புதிதாக ஜாக்கெட் தைக்க வருகிறவர்களிடம் அளவு ஜாக்கெட் கேட்பார். அக்காவுடையதையோ பக்கத்து வீட்டுக்காரருடையதையோ கொண்டுவந்து நீட்டினால் வாங்கவே மாட்டார். "அவ தோளு வேற, உன் தோளு வேற" என்று டேப்பை எடுத்துவிடுவார். தோழியின் 350 சிசி என்பது தோழியின் அளவு ஜாக்கெட். அவர் உங்களைவிட நான்கு அங்குலம் உயரமாகவோ, நெஞ்சு அகலமாகவோ, ஏற்கெனவே கொஞ்சம் சதைப்பிடிப்பாகவோ இருந்திருந்தால் அதே 350 உங்களிடம் வேறு ஒன்றாகத் தெரியும். ஒரே நாளில் ஒரே 300 சிசி இரண்டு பேருக்கு வைத்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஒருவர் ஐந்தடிகூட இல்லாத ஒடிசலான பெண், இன்னொருவர் வாலிபால் ஆடிய உடம்பு. முதல் பெண்ணைப் பார்த்தால் ஏதோ செய்திருக்கிறார் என்று தெரியும். இரண்டாவது பெண்ணிடம் அவர் வீட்டுக்காரரே "இவ்வளவுதானா?" என்று கேட்டார்.

சரி, டாக்டர் எதை அளக்கிறார்?

முதலில் அகலம். மார்பு நெஞ்சில் ஒட்டியிருக்கும் இடத்தில் உள்பக்க விளிம்பிலிருந்து அக்குள் பக்க விளிம்பு வரை எத்தனை சென்டிமீட்டர் என்று கேலிப்பரை வைத்துப் பார்ப்பார். எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை. இம்ப்ளான்ட் வட்டமாக இருக்கும், அதற்கு ஒரு விட்டம் உண்டு. அந்த விட்டம் உங்கள் மார்பின் அகலத்துக்குள் அடங்க வேண்டும். அதுவும் முழு அகலத்துக்கு இல்லை. உள்பக்கம், வெளிப்பக்கம் இரண்டு இடத்திலும் சதையைக் கிள்ளிப் பிடித்துத் தடிமன் பார்த்து, அதில் பாதியைக் கழிப்பார்கள். ஒரு உதாரணம். அகலம் 12.5 செ.மீ. உள்பக்கம் கிள்ளினால் 1.5, வெளிப்பக்கம் 1.5. இரண்டிலும் பாதி பாதி கழித்தால் 11 செ.மீ. இந்த விட்டத்துக்குள் கம்பெனி அட்டவணையில் என்ன கிடைக்கிறது என்று பார்த்தால், நடுத்தர உயரம் உள்ள இம்ப்ளான்ட் ஏறக்குறைய 230 சிசி, உயரம் கூடியது 280 சிசி பக்கம் வரும். கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். 375 சிசி என்றால் உயரம் கூடிய ரகத்திலேயே 12 செ.மீ.யைத் தொடும். உங்கள் டாக்டர் சொன்ன 260 - 280ஐப் பார்த்தால் உங்கள் கணக்கும் இதை ஒட்டித்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. டாக்டர் அளவு குறித்த அட்டையில் உங்கள் அகலம் என்ன எழுதியிருக்கிறது என்று அவரிடமே கேளுங்கள், சொல்வார்.

11க்குப் பதிலாக 12 வைத்தால் என்ன ஆகும்? அந்த ஒரு சென்டிமீட்டர் எங்காவது போயாக வேண்டும். அக்குள் பக்கம் போனால் கையை இறக்கும்போதெல்லாம் இடிக்கும். நடுப்பக்கம் போனால் இரண்டும் ஒன்றையொன்று தொட்டு, நடுவில் பள்ளமே இல்லாமல் போகலாம். சதை மெலிந்த உடம்பில் விளிம்பு தோலுக்கு அடியில் கையில் தட்டுப்படும், குனிந்தால் அலை அலையாகச் சுருக்கம் தெரியும்.

'உயரம்' என்று சொன்னேனே, அதைத்தான் புரொஃபைல் என்கிறார்கள். ஒரே 280 சிசியை அகலமாகத் தட்டையாகவும் செய்யலாம், குறுகலாக முன்னால் தள்ளியும் செய்யலாம். ராகி உருண்டையைத் தட்டில் வைத்து மேலே அழுத்தினால் பரவும், இரு கையாலும் பக்கவாட்டில் பிடித்தால் எழும்பும். மாவு அதேதான். எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு பேசுவதில் அர்த்தமில்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

அடுத்தது தோல். இரண்டு பிள்ளைகளுக்குப் பால் கொடுத்த மார்பில் தோல் தளர்ந்திருக்கும். அதைப் பார்த்துத்தான் நிறையப் பேர் "இவ்வளவு இடம் இருக்கிறதே, பெரிதாகவே வைத்து நிரப்பிவிடலாம்" என்று நினைக்கிறார்கள். தளர்ந்த தோல் பாரத்தைத் தாங்காது என்பது யாருக்கும் உறைப்பதில்லை. காம்பு வட்டத்தின் ஓரத்தைப் பிடித்து முன்னால் இழுத்து டாக்டர் அளப்பார். காம்பிலிருந்து மார்பின் அடி மடிப்பு வரை டேப் வைப்பார். கழுத்துக் குழியிலிருந்து காம்பு வரை இரு பக்கமும் அளப்பார். இரண்டு பக்கமும் ஒரே எண் வருவது அபூர்வம், அரை சென்டிமீட்டர் வித்தியாசத்துக்குப் பயந்துவிடாதீர்கள்.

இந்த இடத்தில் ஒன்றை நேராகக் கேட்டுவிடுங்கள். உங்கள் காம்பு அடி மடிப்புக்கு மேலே இருக்கிறதா, கீழே இறங்கிவிட்டதா? இறங்கியிருந்தால் இம்ப்ளான்ட் மட்டும் வைத்து அதைத் தூக்க முடியாது. தொங்கியது பெரிதாகித் தொங்கும். அப்போது தோலைக் குறைத்துத் தூக்கித் தைக்கும் லிஃப்ட் வேண்டியிருக்கும், அதன் தழும்பு வேறு. பெரிய சைஸ் கேட்கும் தாய்மார்களில் பல பேருக்கு உண்மையில் தேவைப்படுவது இதுதான். சிலருக்கு இம்ப்ளான்ட்டே வேண்டாம், தூக்கித் தைத்தால் போதும்.

மூன்றாவது, மேல்பாகத்துச் சதை. மார்பின் மேல்பக்கம் கிள்ளினால் 2 செ.மீ.க்குக் குறைவாக வந்தால் பொதுவாக இம்ப்ளான்ட்டைத் தசைக்கு அடியில் வைப்பார்கள், அல்லது மேல்பாதி தசைக்கு அடியிலும் கீழ்ப்பாதி பால் சுரப்பிக்கு அடியிலும் வரும்படி வைப்பார்கள். மேலே சதைப் போர்வை இருந்தால்தான் விளிம்பு தெரியாது. தசைக்கு அடியில் வைத்தால் ஒரு சங்கடம் உண்டு: நெஞ்சுத் தசையை இறுக்கும்போது இம்ப்ளான்ட் கொஞ்சம் அசையும். நம் ஊர்ப் பெண்கள் இதைக் கவனிப்பது களி கிண்டும்போதுதான். பானையை இரண்டு காலால் அண்டக் கொடுத்து, துடுப்பை இரண்டு கையாலும் பிடித்து அழுத்திக் கிண்டுகிறோமே, அது முழுக்க நெஞ்சுத் தசை வேலை. பர்கூர்க்காரம்மா ஒருவர் ஆறு மாதம் கழித்து வந்து, "களி கிண்டினா ரெண்டும் ஆளுக்கொரு பக்கம் போகுது சிஸ்டர்" என்று சிரித்தார். ஆபத்து இல்லை. ஆனால் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். தினமும் வீட்டில் உடம்பை வளைத்து என்னென்ன வேலை செய்கிறீர்கள் என்று டாக்டரிடம் சொல்லுங்கள். நகரத்து டாக்டருக்குக் களித் துடுப்பு ஞாபகத்துக்கு வராது.

இப்போது உங்கள் கையால் செய்து பார்க்கக்கூடிய ஒரு வேலை. வெளிநாட்டில் இதை அரிசியை வைத்துச் செய்வார்கள். நம் வீட்டில் அதைவிட நல்லது இருக்கிறது, கேழ்வரகு. மணி சின்னது, உடம்போடு வழுக்கி உட்காரும். மெல்லிய நைலான் சாக்ஸ் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் பழைய பால் பாட்டில் இருந்தால் அதில் மில்லி கோடு போட்டிருக்கும். ஒரு சிசி என்றால் ஒரு மில்லிதான். 275 மில்லி கேழ்வரகை அளந்து சாக்ஸில் கொட்டி முடிச்சுப் போட்டு, தட்டையாக்கி, கொஞ்சம் பெரிய கப் உள்ள பஞ்சு வைக்காத பிராவுக்குள் வையுங்கள். இரண்டு நாள் வீட்டில் அப்படியே இருங்கள். வாசல் கூட்டுங்கள், பிள்ளையைத் தூக்குங்கள், குனிந்து கோலம் போடுங்கள், உங்களுக்குப் பிடித்த ஜாக்கெட்டும் சுடிதாரும் போட்டுக் கண்ணாடியில் பக்கவாட்டில் பாருங்கள். மூன்றாம் நாள் 375 மில்லி. வெளியில் வைத்துப் பார்ப்பதைவிட, உள்ளே தசைக்கு அடியில் போனதும் கொஞ்சம் குறைவாகவே தெரியும், அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எடையிலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. சிலிகான் ஜெல் ஏறக்குறைய தண்ணீர் கனம், சிசிக்கு ஒரு கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். கேழ்வரகு அதைவிட லேசு. 375 சிசி இரண்டு பக்கமும் சேர்த்தால் முக்கால் கிலோ. ராயக்கோட்டைத் தக்காளி முக்கால் கிலோவைப் பையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒரு பகல் வேலை செய்து பாருங்கள். இது மிரட்டல் இல்லை. சிலர் செய்து பார்த்துவிட்டு "பரவாயில்லை, தாங்குது" என்றும் வந்திருக்கிறார்கள்.

இன்னொரு கணக்கும் சொல்லிவிடுகிறேன். 250ஆ 275ஆ என்று ராத்திரி தூங்காமல் குழம்புகிறவர்கள் உண்டு. 25 சிசி என்பது ஐந்து டீஸ்பூன். மார்பில் பரவினால் எவர் கண்ணுக்கும் தெரியாது. ஆனால் 275க்கும் 375க்கும் உள்ள 100 சிசி நன்றாகத் தெரியும். அந்த அளவு வித்தியாசத்தைப் பற்றித்தான் வாதாட வேண்டும்.

கப் சைஸ் பேச்சை டாக்டரிடம் எடுக்காமல் இருப்பது நல்லது. ஒரு கப் கூடுவதற்கு 150 முதல் 200 சிசி ஆகும் என்று ஒரு வாய்க்கணக்கு சொல்வார்கள். ஆனால் 32 சுற்றளவில் ஒரு பி கப்பும், 38 சுற்றளவில் ஒரு பி கப்பும் ஒரே கொள்ளளவு இல்லை. கடைக்குக் கடை வேறு மாறுகிறது. "சி கப் ஆக்கித் தாங்க" என்று எழுதி வாங்கிக்கொண்டு வந்தவர்களும் உண்டு, எந்த டாக்டரும் அதற்கு உத்தரவாதம் தர மாட்டார். அதைவிட, உங்கள் உடல்வாகு உள்ள பெண்களின் படம் மூன்று, நான்கு காட்டுங்கள். பிடித்ததை மட்டும் காட்டினால் பாதிதான் புரியும், பிடிக்காததையும் காட்டுங்கள். "மேலே இப்படி உருண்டையாக எழும்பக் கூடாது" என்று நீங்கள் ஒரு படத்தில் விரல் வைத்தால், எண் சொல்வதைவிட அது டாக்டருக்கு நூறு மடங்கு உதவும். உங்களுக்குச் சரியாகப் பொருந்தும் ஒரு ஜாக்கெட்டும், "இதை நிரப்ப வேண்டும்" என்று ஆசைப்படும் ஒரு ஜாக்கெட்டும் எடுத்துப் போங்கள். சில இடங்களில் 3டி கேமரா வைத்துக் கம்ப்யூட்டரில் காட்டுவார்கள். பார்க்கலாம். ஆனால் அந்தப் படத்தில் உங்கள் தோலின் தளர்வு முழுதாக வராது.

தியேட்டரில் நடப்பது உங்களுக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். பல சர்ஜன்கள் நேராக இம்ப்ளான்ட்டைப் பிரிப்பதில்லை. முதலில் சைசர் என்று ஒரு மாதிரிப் பையை உள்ளே வைப்பார்கள். அப்புறம் மயக்கத்தில் இருக்கும் உங்களை டேபிளோடு உட்கார்ந்த நிலைக்கு உயர்த்துவோம். டாக்டர் கால்மாட்டில் போய் நின்று, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார். ஒரு பக்கம் பெரிதாகத் தெரிந்தால் சைசரை மாற்றுவார். வேண்டிய அளவு உறுதியான பிறகுதான் "275 பிரிங்க" என்று குரல் வரும். நான் பெட்டியிலிருக்கும் எண்ணை உரக்கப் படிப்பேன், இன்னொரு சிஸ்டர் திரும்பப் படிப்பார், அதற்கப்புறம்தான் சீல் உடையும். அதனால் கன்சல்டேஷனில் ஒரே எண்ணைப் பூட்டி வைக்காமல் "260க்கும் 300க்கும் நடுவில், உட்கார வைத்துப் பார்த்து எது சரியோ அது" என்று பேசி வைப்பதே நல்லது. சைசர் வைத்துப் பார்ப்பீர்களா என்று கேளுங்கள். உங்கள் இரண்டு பக்கமும் வேறு வேறு அளவாக இருந்தால் வேறு வேறு சிசி வைப்பார்களா என்றும் கேளுங்கள்.

பெரிதாகவே வேண்டும் என்று அடம்பிடித்து 450 வாங்கிக்கொண்ட ஒருவரை நினைவிருக்கிறது. எங்கள் டாக்டர் மறுத்துவிட்டதால் வேறு எங்கோ போய் வைத்துக்கொண்டார். நான்கு வருடம் கழித்துத் திரும்பி வந்தார். அடி மடிப்பு விட்டுக்கொடுத்து இம்ப்ளான்ட் கீழே இறங்கியிருந்தது. காம்பு மேலே வானத்தைப் பார்த்தது. எடுத்து, சின்னது வைத்து, மடிப்பைத் திரும்பத் தைக்க வேண்டியிருந்தது. முதல் ஆபரேஷனைவிட அது நீளமானது, செலவும் கூட. விரிந்த தோல் முழுதாகத் திரும்பி வரவில்லை. ஜாக்கெட் என்றால் அம்மா உள்ளே துணி விட்டுத் தைப்பார், பிறகு பிரித்துக்கொள்ளலாம், பிடித்துக்கொள்ளலாம். தோலில் அது ஒரு வழிப்பாதை.

மறு ஆபரேஷன் என்பது ஏதோ துரதிர்ஷ்டக்காரர்களுக்கு வருவது என்று எண்ண வேண்டாம். இம்ப்ளான்ட் ஆயுளுக்கும் நிற்கும் பொருள் இல்லை. அழகுக்காக வைத்துக்கொள்கிறவர்களில் 20 சதவீதம் பேர் வரை 8 முதல் 10 வருடத்துக்குள் எடுக்க வேண்டி வருகிறது என்று அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ சொல்கிறது. சுற்றிலும் உருவாகும் உறை இறுகிப் போவது, கிழிவது, இடம் நகர்வது என்று காரணம் பல. சிலிகான் வைத்தவர்கள் 5, 6 வருடத்தில் முதல் முறையும் அதற்குப் பிறகு 2, 3 வருடத்துக்கு ஒரு முறையும் எம்ஆர்ஐ அல்லது அல்ட்ராசவுண்ட் பார்க்கச் சொல்கிறார்கள், ஏனென்றால் ஜெல் கிழிந்தால் வெளியே தெரியாமலே இருக்கலாம். உங்களுக்கு 33 என்றால் வாழ்நாளில் இன்னொரு ஆபரேஷனாவது இருக்கிறது என்று கணக்குப் போட்டுத்தான் பணத்தை எடுத்து வையுங்கள். அழகுக்காகச் செய்வதற்கு மெடிக்கல் இன்சூரன்ஸ் வராது. புற்றுநோய்க்காக மார்பை எடுத்தவர்களுக்குத் திரும்ப உருவாக்குவது வேறு கணக்கு.

மேற்பரப்பு வழவழப்பானதா, சொரசொரப்பானதா என்றும் கேட்டு வையுங்கள். சொரசொரப்பான ரகங்களோடு லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோயில் ஓர் அரிய வகை தொடர்புபட்டது. 2019ல் அலர்கன் கம்பெனி பயோசெல் ரகத்தை உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது அதனால்தான். பிரான்சில் பிஐபி என்ற கம்பெனி மருத்துவத் தரமில்லாத சிலிகானை நிரப்பி விற்று 2010ல் மாட்டிக்கொண்டதும் நடந்தது. அதனால் ஆபரேஷன் முடிந்ததும் கம்பெனி பெயர், சீரியல் நம்பர், சிசி, விட்டம் எல்லாம் உள்ள அட்டையைக் கேட்டு வாங்கி ரேஷன் கார்டோடு சேர்த்து வையுங்கள். பின்னாளில் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுக்கப் போனால் இம்ப்ளான்ட் இருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும், அதற்குத் தனியாகப் படம் எடுப்பார்கள்.

வேறு டாக்டரைப் பார்க்கலாமா என்று கேட்டீர்கள். தாராளமாகப் பாருங்கள், இரண்டாவது கருத்து கேட்பதில் தப்பே இல்லை. பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது டிஎன்பி பட்டம் முடித்தவரா, மாநில மெடிக்கல் கவுன்சில் பதிவில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். சில மாதப் பயிற்சி முடித்துவிட்டு 'காஸ்மெட்டிக்' என்று பலகை மாட்டியவரும் இவரும் ஒன்றல்ல. இரண்டாவது டாக்டர் டேப்பைக் கையில் எடுக்காமலே "375தானே, வெச்சுடலாம்" என்றால் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள். அளந்துவிட்டு, "உயரம் கூடிய ரகத்தில் 300 வரை போகலாம், அதற்கு மேல் இந்தக் காரணத்தால் வேண்டாம்" என்று சொன்னால் அவரும் முதல் டாக்டரும் ஒன்றையேதான் சொல்கிறார்கள்.

பணம்தான் தடை என்றால், சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் 2018ல் மார்பக அழகு அறுவைக்கு இலவசமாகவே ஒரு பிரிவு தொடங்கினார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். விசாரித்துப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

மற்றவை சுருக்கமாக. உடல் எடை கொஞ்ச காலமாக ஏறாமல் இறங்காமல் நிலையாக இருக்க வேண்டும். இன்னொரு பிள்ளை யோசனை இருந்தால் பொறுங்கள், கர்ப்பமும் பாலும் எல்லா அளவையும் மாற்றிவிடும். புகையிலை போடும் பழக்கம் இருந்தால் குறைந்தது நான்கு வாரம் முன்னாலேயே நிறுத்த வேண்டும், காயம் ஆறாது. அம்மாவுக்கோ சித்திக்கோ மார்பகப் புற்றுநோய் வந்திருந்தால் முதல் நாளே சொல்லுங்கள். ஆபரேஷன் அன்றே ஊர் திரும்ப நினைக்காதீர்கள், கிருஷ்ணகிரி வரையே 90 கிலோமீட்டர், அப்புறம் போச்சம்பள்ளி ரோட்டில் வேகத்தடை ஒவ்வொன்றும் எண்ணி வலிக்கும். இரண்டு மூன்று நாள் அங்கேயே தங்குங்கள். முதல் மாதம் எல்லாம் மேலே ஏறி, இறுகி, பெரிதாகத் தெரியும். இறங்கி மென்மையாக மூன்றிலிருந்து ஆறு மாதம் ஆகும். முதல் வாரக் கண்ணாடியை நம்பி "பெருசா வெச்சுட்டாங்க" என்றோ, மூன்றாம் மாதக் கண்ணாடியை நம்பி "சின்னதாயிடுச்சு" என்றோ தோழிக்குப் போன் போட வேண்டாம்.

மாமியாரிடம் என்ன சொல்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எல்லோரும் கடைசியில் கேட்பது அதைத்தான். எனக்குத் தெரிந்த வரையில் "நெஞ்சில் ஒரு சின்ன ஆபரேஷன்" என்று சொல்லப் போய், அது புற்றுநோயாக மாறி ஊர் முழுக்கச் சுற்றி வந்திருக்கிறது. கணவரும் நீங்களும் என்ன சொல்லப் போகிறீர்கள் என்று முன்னாடியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

தேதி கேட்டால் ஆடியில் கேளுங்கள். கல்யாணம், காதுகுத்து என்று யாரும் கூப்பிட மாட்டார்கள், இறுக்கமான சர்ஜிக்கல் பிராவோடு சித்திரை வெயிலில் வேக வேண்டாம், மாங்காய் லோடும் முக்கால்வாசி ஓய்ந்திருக்கும், வீட்டுக்காரர் கையோடு இருப்பார். ஆறு வாரத்துக்குக் குடம் தூக்குவதும் களி கிண்டுவதும் அவர் வேலை.